லிபரல் என்றால் யார்? எந்த ஊரில் கேட்கிறாய் என்று முதலில் சொல்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். இங்கே பினாங்கில்தான் படிக்கிறாள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அவள் கேட்டது இதுதான்: "டீச்சர், ஆங்கிலத்தில் லிபரல் என்றால் இடதுசாரியா, வலதுசாரியா? என் அறைத்தோழி அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு இடதுசாரி என்கிறாள். மெல்பர்னில் இருக்கும் அண்ணன், இங்கே லிபரல் கட்சிதான் வலதுசாரி என்கிறார். குடும்பப் புலனக் குழுவில் பெரியப்பா, 'பொம்பளப் பிள்ளைய ரொம்ப லிபரலா வளர்த்துட்டீங்க' என்று எழுதுகிறார். நான் கட்டுரையில் 'லிபரல் நாடுகள் மக்களிடம் அதிக வரி வாங்கும்' என்று எழுதினேன். விரிவுரையாளர் லிபரலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்துத் திருப்பித் தந்துவிட்டார். எதுதான் சரி?"

இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. உன் தோழி சொல்வதும் சரி, அண்ணன் சொல்வதும் சரி, அந்த வட்டமும் சரி. ஒரே சொல்லுக்கு இத்தனை முகம் எப்படி வந்தது என்று தெரிந்தால் இனி உனக்குக் குழப்பம் வராது. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதலில் அரசியலைத் தள்ளி வை. லத்தீனில் லிபர் என்றால் அடிமை இல்லாதவன், சுதந்திரமானவன். லிபரல் ஆர்ட்ஸ் என்று கல்லூரிகளில் சொல்கிறார்களே, அது சுதந்திர மனிதனுக்குத் தகுந்த கல்வி என்ற பழைய அர்த்தத்தில் வந்தது. ஆங்கிலத்துக்குள் 14ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோது இந்தச் சொல்லுக்கு அரசியல் வாசனையே கிடையாது. கைதாராளம் உள்ளவன், குறுகிய மனசு இல்லாதவன், அவ்வளவுதான். அந்த அர்த்தம் இன்னும் செத்துப்போகவில்லை. நாசி கண்டார் கடையில் 'பஞ்சிர்' என்று சொன்னால், அண்ணன் நாலு சட்டியிலிருந்தும் குழம்பை அள்ளிச் சோறு மூழ்கும்படி ஊற்றுகிறார் இல்லையா, அதை ஆங்கிலத்தில் எழுதினால் லிபரல் ஹெல்பிங் ஆஃப் கிரேவி. அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்முடைய 'தாராளம்' என்ற சொல் இந்த முதல் அர்த்தத்தோடு அப்படியே பொருந்தும்: கை தாராளம், மனசு தாராளம். சிக்கல், இதே தாராளத்தை வைத்து அரசியலையும் மொழிபெயர்த்ததில் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரசியல் முத்திரையாக இந்தச் சொல் பிறந்தது இங்கிலாந்தில்கூட இல்லை, ஸ்பெயினில். நெப்போலியன் படையெடுத்து ஸ்பெயின் அரசரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1810இலிருந்து பிரதிநிதிகள் கூடி, கடைசியில் காடிஸ் என்ற துறைமுக நகரத்தில் 1812இல் ஓர் அரசியலமைப்புச் சட்டத்தை எழுதினார்கள். அரசருக்கும் ஒரு வரம்பு வேண்டும், பத்திரிகைக்குச் சுதந்திரம் வேண்டும் என்றவர்கள் லிபரலெஸ். எதிர்த்தவர்களுக்கு அவர்கள் வைத்த பேர் செர்விலெஸ், அதாவது அடிமைப் புத்திக்காரர்கள். அந்தச் சொல்லை இங்கிலாந்தின் பழமைவாதிகளான டோரிகள் எடுத்து, தங்கள் எதிரிகளான விக் கட்சிக்காரர்கள் மேல், 'இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு' என்ற ஏளனத்தோடு வீசினார்கள். வசையாக வீசிய சொல்லையே அந்தப் பக்கத்தவர்கள் பிறகு பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். 1859 ஜூனில் விக்குகளும் மற்ற இரண்டு அணியினரும் லண்டனில் கூடிச் சேர்ந்ததைத்தான் பிரிட்டிஷ் லிபரல் கட்சியின் பிறப்பு என்று சொல்வார்கள்.

இப்போது நடுவில் இருக்கும் ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொள். தனி மனிதனை எந்த அதிகாரமும் அமுக்கக்கூடாது. பழைய லிபரல், புதிய லிபரல், ஐரோப்பிய லிபரல், அமெரிக்க லிபரல் எல்லாரும் இதில் ஒன்றுதான். அவர்கள் பிரிவது, 'அந்த அமுக்குகிற கை யாருடையது' என்ற இடத்தில்.

நம் ஊரை வைத்தே சொல்கிறேன். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைத் தீர்வையில்லாத் துறைமுகமாகத் திறந்தார். எந்த ஊர்க் கப்பலும் வரலாம், சரக்கை இறக்கலாம், சுங்கம் கிடையாது. 1960களின் கடைசியில் அந்தச் சலுகை போனபோது தொழில் போயிற்றே என்று இங்குள்ள பெரியவர்கள் பேசியதை நீயும் கேட்டிருப்பாய். இந்தத் தீர்வையில்லாத் துறைமுகம் பழைய லிபரல் கொள்கைக்கு அச்சு அசலான உதாரணம். அரசாங்கம் வணிகத்தில் கை வைக்காதே, அவனவன் பிழைப்பை அவனவன் பார்த்துக்கொள்ளட்டும். ஆடம் ஸ்மித் 1776இலேயே, ஒவ்வொருவரும் தன் வழியில் தன் நலனைத் தேட விடுவதை 'சமத்துவம், சுதந்திரம், நீதி என்ற லிபரல் திட்டம்' என்று எழுதினார். அவருக்கு அமுக்குகிற கை அரசாங்கத்துடையது.

சரி, நூறு வருஷம் கழித்து அதே இங்கிலாந்தில் ஆலைகள் வந்து, சேரிகள் வந்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்தும் வயசானால் பிச்சை எடுக்கும் நிலை வந்தபோது, அதே லிபரல்களில் பலர் வேறு மாதிரி யோசித்தார்கள். பசியோடு இருப்பவனிடம் 'உன்னை யாரும் தடுக்கவில்லை, நீ சுதந்திரமானவன்' என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அமுக்குகிற கை வறுமையுடையதாக, முதலாளியுடையதாக இருந்தால், அதைத் தள்ள அரசாங்கம்தானே வரவேண்டும்? இந்த யோசனையில்தான் 1908இல் லிபரல் அரசாங்கம் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது, எழுபது வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை. 1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம். சுங்கத்தை எடு என்பதும் லிபரல், ஓய்வூதியம் கொடு என்பதும் லிபரல், இரண்டும் ஒரே கட்சியின் வாயிலிருந்து வந்தவை.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று வைத்துக்கொள். அமெரிக்கா இரண்டாவது பாதியை எடுத்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அதிபர் ரூஸ்வெல்ட், அரசாங்கம் வேலை கொடுக்கும், வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று இறங்கி, தன் வழியை லிபரல் என்று அழைத்தார். அவரிடம் தோற்ற முந்தைய அதிபர் ஹூவர், நான்தான் உண்மையான லிபரல், இவர் அந்தச் சொல்லைத் திருடிவிட்டார் என்ற தோரணையில் ரொம்ப நாள் மல்லுக்கட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. அமெரிக்காவில் அன்றிலிருந்து லிபரல் என்றால் ஜனநாயகக் கட்சிப் பக்கம். அப்புறம் 1988 தேர்தலில் மூத்த புஷ், எதிராளி டுக்காகிஸை லிபரல், லிபரல் என்று குத்திக்குத்தியே பேசினார். அந்தச் சொல்லைக் கெட்ட வார்த்தை மாதிரி 'எல்-வேர்ட்' என்று பத்திரிகைகள் எழுதுகிற அளவுக்கு அது ஒரு கறையாகிப்போயிற்று. அந்தப் பக்கத்துத் தலைவர்கள் பலர் இப்போது தங்களை புரோகிரெசிவ், அதாவது முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்வதில் இதற்கும் பங்குண்டு. உன் அறைத்தோழி பார்க்கும் காணொளிகளில் வரும் லிபரல் இந்த லிபரல்தான்.

ஐரோப்பாவில் முதல் பாதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனியின் எஃப்.டி.பி., நெதர்லாந்தின் வி.வி.டி. ஆகியவற்றை லிபரல் கட்சிகள் என்று எழுதினால், வரியைக் குறை, தொழிலை விடு என்பவர்கள் என்று அங்கே புரிந்துகொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மென்ஸிஸ் 1944இல் தொழிற்கட்சிக்கு எதிராக ஆரம்பித்த கட்சிக்கு லிபரல் என்று பேர் வைத்தபோது அவர் மனசில் இருந்ததும் தனியார் முயற்சி, தனிமனிதப் பொறுப்பு. உன் அண்ணன் பார்ப்பது அதைத்தான். கனடாவின் லிபரல் கட்சியோ நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம். ஜப்பானின் லிபரல் டெமாக்ரடிக் கட்சி, 1955இல் லிபரல் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற இரண்டும் சேர்ந்தபோது பேரையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது, கொள்கையில் அது பழமைவாதக் கட்சி. ரஷ்யாவில் ஷிரினோவ்ஸ்கி நடத்திய லிபரல் டெமாக்ரடிக் கட்சி முழுக்க முழுக்கத் தீவிர தேசியவாதம். பலகையில் எழுதியிருப்பதை வைத்துக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று முடிவு செய்யாதே.

இதில்தான் ஆங்கிலத்துக்கு ஒரு வசதி இருக்கிறது, தமிழுக்கு இல்லை. ஆங்கிலத்தில் கட்சியைச் சொல்லும்போது பெரிய எல், கொள்கையைச் சொல்லும்போது சின்ன எல். ஆஸ்திரேலியாவில் 'ஸ்மால் எல் லிபரல்' என்று ஒரு வழக்கே உண்டு: அந்தக் கட்சிக்குள்ளேயே சமூக விஷயங்களில் இளகிய போக்கு உள்ளவர்களையும், கட்சியில் இல்லாமலேயே அந்தப் போக்கு உள்ளவர்களையும் அப்படிச் சொல்வார்கள். நீ ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த ஓர் எழுத்தை அலட்சியம் செய்தால் வாக்கியத்தின் பொருளே கவிழ்ந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் நாம் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகவேண்டும்: 'ஆஸ்திரேலிய லிபரல் கட்சி' என்று எழுது, அல்லது 'லிபரல் கொள்கை உள்ளவர்' என்று எழுது. நான் ஆசிரியர் வேலைக்கு வருமுன் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் கொஞ்ச காலம் மொழிபெயர்த்தேன். அங்கே ஒருநாள் கனடாவைப் பற்றி வந்த செய்தியில் 'தாராளவாதிகள் வென்றனர்' என்று போட்டுவிட்டோம். மறுநாள் ஒரு வாசகர் தொலைபேசியில் கூப்பிட்டு, 'யாரும்மா அந்தத் தாராளவாதிகள், இலவசம் கொடுக்கிறவங்களா' என்று உண்மையாகவே கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. தாராளம் என்றால் நமக்கு அள்ளிக் கொடுப்பதுதான். அதனால் என் பழக்கம் இது: கட்சிப் பேர் என்றால் லிபரல் என்றே ஒலிபெயர்ப்பேன், கொள்கை என்றால் தாராளவாதம் என்று எழுதி அடுத்த வாக்கியத்திலேயே அது எதைக் குறிக்கிறது என்று அவிழ்த்துவிடுவேன். பொருளாதாரத்தில் கதவைத் திறந்துவிடுவதற்குத் தாராளமயம் என்பது நன்றாக வேரூன்றிவிட்டது, அதை மாற்றவேண்டியதில்லை.

தமிழில் இதைவிட அழகான ஒரு மொழிபெயர்ப்பு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. நீதிக்கட்சி என்று நாம் சொல்கிறோமே, 1916இல் சென்னையில் தொடங்கிய அந்த அமைப்பின் முறையான ஆங்கிலப் பேர் சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன். ஜஸ்டிஸ் என்பது அவர்கள் நடத்திய ஆங்கில நாளிதழ், அந்தப் பேர்தான் கட்சிக்கு ஒட்டிக்கொண்டது. தமிழில் அவர்கள் வைத்துக்கொண்ட பேர் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். பார், லிபரல் வந்த இடத்தில் 'நல உரிமை' வந்திருக்கிறது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியது இதே பினாங்கில்தான். அவர் பின்னாளில் தலைமையேற்று, 1944இல் திராவிடர் கழகம் என்று பேர் மாற்றியதும் இதே சங்கத்தைத்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் திராவிட இயக்கத்தை லிபரல் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த மரத்தின் வேரில் இந்தச் சொல் இருக்கிறது.

அதே காலத்தில் இந்தியாவில் லிபரல் என்று அறியப்பட்டவர்கள் முற்றிலும் வேறு ஆட்கள். காங்கிரஸின் மிதவாதிகள் 1918 வாக்கில் பிரிந்துபோய்த் தனி லிபரல் அமைப்பு கண்டார்கள். சட்ட வழியில், படிப்படியாக, வெள்ளைக்காரனோடு பேசியே சீர்திருத்தம் வாங்கவேண்டும் என்பவர்கள். அவர்களில் முக்கியமானவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. இவர் நமக்கு அந்நியர் இல்லை. மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்துவர இந்திய அரசாங்கம் 1936 கடைசியில் அனுப்பியது இவரைத்தான். 1937இல் அவர் அறிக்கை வந்தது. பொருளாதார மந்தத்தில் வெட்டப்பட்ட கூலியைப் பழையபடி உயர்த்துங்கள் என்றார், ஆனால் ஆள் அனுப்புவதை நிறுத்தவேண்டிய அவசியமில்லை என்றும் சொன்னார். இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் பலருக்கு அது போதவில்லை, 1938இல் இந்திய அரசாங்கமே பயணச் செலவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதை நிறுத்தியது. என் தாத்தா கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சாஸ்திரியை யாராவது லிபரல் என்று புகழ்ந்தாலும், லிபரல்தானே என்று ஒதுக்கினாலும், எனக்கு அந்த அறிக்கையின் இரண்டு பக்கமும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தனிமனிதச் சுதந்திரத்துக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய வாதத்தை 1859இல் எழுதியவர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் 1823இலிருந்து 1858 வரை, 35 வருஷம், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை பார்த்தார். எஸ்பிளனேட் பக்கம் போனால் கார்ன்வாலிஸ் கோட்டை தெரிகிறதே, அதைக் கட்டிய கம்பெனி. அந்தச் சுதந்திரப் புத்தகத்திலேயே, நாகரிகமடையாத மக்களை அவர்கள் முன்னேற்றத்துக்காகச் சர்வாதிகாரமாக ஆள்வது நியாயமே என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறார். நாகரிகமடையாதவர்கள் என்று அவர் மனசில் யார் இருந்தார்கள் என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. லிபரல் என்றாலே நல்லவர் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம், இங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது. 2009 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் நஜிப், சேவைத்துறையில் 27 துணைப்பிரிவுகளைத் தாராளமயமாக்குகிறோம் என்று அறிவித்தார், அது நல்ல செய்தியாக வந்தது. 2014 மே மாதம் அதே பிரதமர், லிபரலிசமும் மதச்சார்பின்மையும் இஸ்லாத்துக்கு அச்சுறுத்தல் என்று பேசினார். அதே ஆண்டில் சிலாங்கூரில் வெளிவந்த ஒரு ஃபத்வாவும் லிபரலிசத்தையும் சமயப் பன்மைவாதத்தையும் நெறி பிறழ்ந்தவை என்றது. ஒருவர் முரண்பட்டுப் பேசினார் என்று இதைச் சொல்லவில்லை. முதலாவது சந்தையைப் பற்றியது, இரண்டாவது சமய நூலை ஆளாளுக்குத் தன் அறிவின்படி விளக்கலாமா என்பதைப் பற்றியது, இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல். மலாய் நாளிதழில் வரும் லிபரலும், பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் ஆங்கில நாளிதழில் வரும் லிபரலும் எழுத்தில் ஒன்று, எடையில் வேறு. மலேசியாவைப் பற்றி எழுதும்போது எந்த மொழியில், எந்தச் சபையில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுது.

பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் பின் அட்டையைத் திருப்பிப் பார். ருக்குன் நெகாரா, அதாவது மலேசியாவின் தேசியக் கோட்பாடு, அச்சிட்டிருக்கும். கீழே இருக்கும் ஐந்து கோட்பாடுகளைத்தான் நாம் சபைகூடலில் ஒப்பிப்போம், மேலே இருக்கும் முகவுரையை யாரும் படிப்பதில்லை. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31இல் அறிவிக்கப்பட்ட அந்த முகவுரையில் நாட்டின் ஐந்து இலட்சியங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று, நம் வளமான, பலவகைப்பட்ட பண்பாட்டு மரபுகளை 'சாரா லிபரல்' என்ற முறையில் அணுகுவதை உறுதிசெய்வது. அந்தச் சொல் மலாயில் அப்படியே நிற்கிறது. அங்கே அதன் பொருள், அவரவர் பண்பாட்டை அவரவர் வாழ இடம்விடுவது. நான் வகுப்பில் இதைக் காட்டும்போதெல்லாம் பிள்ளைகள் அட்டையைத் தடவிப் பார்ப்பார்கள். இவ்வளவு நாள் கையில் வைத்திருந்தோமே என்று. ஒருவரை வாயடைக்க இந்தச் சொல்லை வீசும்போது எனக்கு அந்த அட்டைதான் கண்முன் வரும்.

பெரியப்பா சொன்ன லிபரல் இதில் எதுவும் இல்லை. 'கண்டிப்பு இல்லாமல்' என்று மலேசியத் தமிழ்ப் பேச்சில் அதற்கு ஒரு பொருள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவரிடம் காடிஸ் கதை பேசாதே. அவருக்கு எது உறுத்துகிறது, நீ இரவு தாமதமாக வருவதா, தனியாகக் கோலாலம்பூர் போனதா என்று நேரிலே கேட்டு அதைப் பேசு.

எழுதும்போது கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள். 'ஷி இஸ் லிபரல்' என்றால் பரந்த மனசுக்காரி என்றும் இருக்கலாம், 'ஷி இஸ் அ லிபரல்' என்றால் அரசியல் முத்திரை. அந்தச் சின்ன 'அ' போதும். லிபரல் டெமாக்ரசி என்பதில் லிபரல் ஒரு கட்சியையும் சொல்லவில்லை, நீதிமன்றச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம், சிறுபான்மையினர் உரிமை எல்லாம் உள்ள மக்களாட்சி என்று பொருள், பழமைவாதிகள் ஆளும் நாடும் லிபரல் டெமாக்ரசியாக இருக்கலாம். அதற்கு எதிர்ச்சொல் இல்லிபரல், ஹங்கேரியின் ஓர்பான் 2014இல் தன் அரசை அப்படியே அழைத்துக்கொண்டார். நியோலிபரல் என்பதை 'புதிய இடதுசாரி' என்று எண்ணிவிடாதே, அது தாட்சர், ரீகன் காலத்துத் தனியார்மயம், சந்தைக்கு முதலிடம். பெரும்பாலும் எதிரிகள் வைக்கும் பேர், தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்கிறவர் அபூர்வம். அமெரிக்காவில் பழைய முதல் பாதியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் லிபர்டேரியன் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். லிபரலும் இடதுசாரியும் ஒன்று என்று எழுதாதே, சோஷலிஸ்டுகள் லிபரல்களைத் திட்டுவது தனி இலக்கியம்.

கடைசியாக உன் வாக்கியம். 'லிபரல் நாடுகள் மக்களிடம் அதிக வரி வாங்கும்' என்று எழுதியபோது உன் மனசில் ஸ்வீடன், டென்மார்க் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்வீடனை 1932இலிருந்து 1976 வரை ஏறக்குறைய இடைவிடாமல் ஆண்டது சமூக ஜனநாயகக் கட்சி. அங்கேயும் லிபரல் என்ற பேரில் ஒரு கட்சி இருக்கிறது, அது வலப்பக்கக் கூட்டணியில் இருக்கும் கட்சி. ஆகவே முத்திரையை எடுத்துவிட்டு, 'சமூக ஜனநாயகக் கட்சிகள் நெடுங்காலம் ஆண்ட ஸ்வீடன் போன்ற நாடுகளில் வரி அதிகம், அந்த வரியில் மருத்துவமும் கல்வியும் நடக்கின்றன' என்று எழுது. இரண்டாம் பத்தியில் அமெரிக்காவைப் பற்றிச் சொல்லியிருந்தாய் என்றால் அங்கே 'அமெரிக்க வழக்கில் லிபரல்' என்று ஒரு தடவை மட்டும் அடைமொழி போடு, பிறகு தாராளமாக லிபரல் என்றே எழுதலாம். திருத்தியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.